விஞ்ஞானி ஏகாம்பரத்தின் பொன்னாடை

ஏகாம்பரத்துக்கு எதைக் கண்டாலும் குமட்டும். டெல்லியில் அவர் குடியிருக்கிற தமிழர் குடிசைப் பகுதியான கேம்ப்பை ஒட்டி ஓடுகிற நாலா என்கிற சாக்கடையின் கறுப்புத் தண்ணீர், பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிறவன் வாயிலிருந்து அடிக்கிற குட்கா நாற்றம், படிக்கட்டு மூலையெல்லாம் சிவப்பாகத் துப்பி வைத்த எச்சில், பந்தியில் அடுத்தவன் இலையில் கிடக்கிற கடித்த வடை, எல்லாமே அவருக்கு "ச்சீ"தான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வார் என்று அவர் மனைவி கோவிந்தம்மாளைக் கேட்டால் போதும். "காலையில பல்லு வெளக்கறப்ப ஆரம்பிக்கும், படுக்கிற வரைக்கும் ஓயாது. அந்த மனுசனுக்கு மூக்குல இருக்கிற சுறுசுறுப்பு மூளையில இருந்திருந்தா நான் ஏன் சாணக்யபுரி கெஸ்ட் அவுஸ்ல ஊருக்கெல்லாம் இட்லி ஊத்திக்கிட்டு இருக்கேன்?" என்பாள்.

இப்படிப்பட்ட ஆளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். தெற்கு டெல்லியில் ஓர் ஆராய்ச்சி நிலையம். அதில் குழந்தைகளுக்கு வரும் புற்றுநோயை ஆராய்கிற ஒரு லேப். அங்கே இருபத்தாறு வருஷமாக அட்டெண்டர். பாட்டில் கழுவ வேண்டும், கழுவியதை ஆவியில் வேக வைக்க வேண்டும், குப்பையைக் கட்ட வேண்டும், நடுவில் டீ வாங்கி வர வேண்டும். கட்டட வேலைக்கு வந்த அப்பாவோடு கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பன்னிரண்டு வயதில் ரயிலேறி வந்தவர், இங்கேயே பத்தாவது பாஸ் செய்தார். கேம்ப்பில் அவர் வயசுக்காரர்களில் கவர்மெண்ட் வேலையில் இருக்கிறவர் அவர் ஒருவர்தான். அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

லேப்பில் எப்போதும் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருக்கிற பெட்டி ஒன்று உண்டு. கதவைத் திறந்தால் உள்ளே வரிசையாகப் படுக்க வைத்த சின்னச் சின்ன பிளாஸ்டிக் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் ரோஸ் மில்க் நிறத்தில் ஏதோ ஒரு திரவம். அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் புற்றுநோய் செல்கள் வளர்கின்றன. எந்த நாட்டுப் பிள்ளையோ, எப்போதோ தசையில் கட்டி வந்து செத்துப்போன பிள்ளை. அது போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அதன் கட்டியிலிருந்து எடுத்தது மட்டும் சாகாமல், நேரத்துக்கு நேரம் சாப்பாடு வாங்கிக்கொண்டு பெருகிக்கொண்டே இருக்கிறது. முதன்முதலில் இதைத் தெரிந்துகொண்ட அன்று ஏகாம்பரத்துக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. "தன்னப் பெத்த பிள்ளைய முழுங்கிட்டு இது மட்டும் உக்காந்து தின்னுக்கிட்டு இருக்குது பாரு. ச்சீ!" என்று டிபன் டப்பாவை மூடிவிட்டார்.

அதனாலேயே சாயங்கால வேலை ஒன்று மட்டும் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். ஐந்து மணிக்கு, அன்றைக்கு வேண்டாமென்று ஒதுக்கிய பாட்டில்களைக் கழுவுகிற அறைக்கு எடுத்து வருவார். ஒவ்வொன்றிலும் பிளீச்சிங் தண்ணீர் ஊற்றுவார். ரோஸ் நிறம் கண்ணெதிரே வெளுத்து வெறும் தண்ணீர் மாதிரி ஆகும். அரைமணி நேரம் அப்படியே விட வேண்டும், உள்ளே இருப்பது ஒன்று பாக்கியில்லாமல் சாக. பிறகு தொட்டியில் கொட்டி, "ஒழிஞ்சுது சனியன்" என்று கையைக் கழுவிவிட்டுப் பஸ் பிடிக்கப் போவார். இருபத்தாறு வருஷத்தில் அவர் சாகடித்த புற்றுநோய்க்குக் கணக்கே கிடையாது.

லேப்பின் தலைவி சியாமளா மேடம். லோதி ரோடு கவர்மெண்ட் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். அவர் தமிழில் பாதி இங்கிலீஷும் கால்வாசி ஹிந்தியும் இருக்கும். கஞ்சாவில் இருக்கிற மாதிரியான பொருளை வைத்து ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஏகாம்பரம் நேராக அவரிடமே போய், "போலீஸ் கீலீஸ் வராதுங்களா மேடம்?" என்று கேட்டார். மேடம் சிரித்துவிட்டு, நல்ல மூடில் இருந்ததால் உட்கார வைத்துச் சொன்னார்.

"செல்லுக்கு மேல நிறைய கதவு இருக்குன்னு வெச்சுக்கோங்க. ரிசப்டர்னு பேரு. அதுல ஒரு வகைக் கதவு, கஞ்சாவில இருக்கிற சத்துக்குத் திறக்கும். நம்ம உடம்பே அந்த மாதிரி ஒண்ணைத் தயார் பண்றது, அதுக்காக இருக்கிற கதவு அது. குழந்தைகளுக்குத் தசையில வர கட்டி சிலதுல இந்தக் கதவு ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. சரியான மருந்து போய் அதுல உட்கார்ந்தா செல் தானாவே செத்துப்போறது."

"அப்ப பிள்ளைங்க பொழைச்சுக்குமா மேடம்?"

"பாட்டில்ல செத்துப்போறது, ஏகாம்பரம். அதுக்கப்புறம் எலி, அதுக்கப்புறம் பெரியவா, அதுக்கும் அப்புறம்தான் குழந்தைகள். எத்தனையோ வருஷம் ஆகும். ஒண்ணும் இல்லாமலும் போகலாம்."

அந்த லேப்பில் ஒரு கஞ்சா இலைகூடக் கிடையாது. வெளிநாட்டில் செய்து, சுண்டுவிரல் அளவு குப்பியில் பனிக்கட்டிக்கு நடுவே வருகிற வெள்ளைப் பொடிதான். அதையும் மேடம் பூட்டி வைத்திருப்பார். இவ்வளவும் ஏகாம்பரத்துக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தெரியாமல் செய்தவனை மன்னித்துவிடலாம்.

டிசம்பரில் ஒரு பத்திரிகையிலிருந்து வந்தார்கள். மேடம் கஞ்சா ஆராய்ச்சியைப் பற்றிப் பேட்டி கொடுத்து முடித்ததும், போட்டோகிராபர் பெண், லேப்பில் யாராவது வேலை செய்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்றாள். ஆராய்ச்சி மாணவர்கள் எல்லாம் ஏதோ மாநாட்டுக்குப் போயிருந்தார்கள். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். நரைத்த தலை, கண்ணாடி, எதைக் கண்டாலும் பிடிக்காதது மாதிரி ஒரு முகம். "அங்கிள், ஆப் ஆயியே" என்று ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு, ஒரு வெள்ளைக் கோட்டை மாட்டி, ரோஸ் நிற பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கச் சொன்னாள். மறுநாள் பேப்பரில் வந்தது. படத்துக்குக் கீழே, "குழந்தைப் புற்றுநோய் செல்களைப் பரிசோதிக்கும் விஞ்ஞானி" என்று இங்கிலீஷில் போட்டிருந்தார்கள்.

சியாமளா மேடம் பார்த்துவிட்டு, "நன்னா இருக்கீங்களே ஏகாம்பரம்! டாக்டரேட் குடுத்துடலாம் போல இருக்கு" என்றார். அதோடு அவர் மறந்துவிட்டார். ஏகாம்பரம் மறக்கவில்லை. வெட்டி எடுத்து, லாமினேஷன் போட்டு, வீட்டில் டிவிக்கு மேலே மாட்டினார். கோவிந்தம்மாள் அண்ணாந்து பார்த்தாள்.

"பாட்டில கழுவப் போறியா, குடிக்கப் போறியா? எதுக்கு இப்புடி மொறச்சுப் பாத்துக்கிட்டு நிக்கிற?"

"ஒனக்கு என்னாடி தெரியும்" என்றார் ஏகாம்பரம்.

படம் கேம்ப் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியது. தெருவில் நடந்தால், "டாக்டர் வர்றாரு, வழி விடுங்கப்பா" என்று கிண்டல். முதலில் கிண்டல்தான். பத்து நாளில் கிண்டல் போய் வெறும் டாக்டர் மட்டும் நின்றது. சளி பிடித்த பிள்ளையைக் காட்டி, "இதுக்கு என்னண்ணே குடுக்கலாம்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவரும் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "சுடுதண்ணி குடு" என்றார். அட வெட்கம் கெட்ட மனுஷா! அப்போதே வாயைத் திறந்து, நான் பாட்டில் கழுவுகிறவன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? சொல்லவில்லை. அந்தப் பெயர் அவருக்கு வெல்லம் மாதிரி இனித்தது.

கேம்ப் தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளர் அழகர்சாமி. மதுரைக்காரர். முட்டிவலித் தைலம், சத்துமாவு, முடி வளர்க்கிற எண்ணெய் என்று வருஷத்துக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வருவார். வாயைத் திறந்தால் தேன் ஒழுகும். பொங்கல் விழாவுக்கு மேடை போட்டதும் அவர்தான், மைக்கைப் பிடித்ததும் அவர்தான்.

"நம்ம கேம்ப்புல பொறந்து, சாரி, நம்ம கேம்ப்புல வளந்து, இன்னிக்கு உலகமே திரும்பிப் பாக்குற கண்டுபிடிப்பைச் செஞ்சிருக்காரு நம்ம விஞ்ஞானி ஏகாம்பரம் அண்ணன். அவருக்கு நம்ம சங்கத்தின் சார்பா இந்தப் பொன்னாடையைப் போர்த்துறேன்!"

கைதட்டல். தங்க நிற ஜரிகைக் கரை போட்ட, மெழுகுத்துணி மாதிரி மினுமினுக்கிற பச்சைச் சால்வை. அது தோளில் விழுந்தபோது ஏகாம்பரத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. "எல்லாம் உங்க ஆதரவுதான்" என்று மைக்கில் சொன்னார். கீழே முன்வரிசையில் மஞ்சு உட்கார்ந்திருந்தாள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண், கேம்ப்பிலேயே பிறந்தவள். மடியில் ஆறு வயது மகள் அபிராமி. கீமோ ஏற்றி ஏற்றி முடி கொட்டிப்போன தலையில் கம்பளிக் குல்லாய். காதுக்குக் கீழே தசையில் கட்டி. எலுமிச்சம்பழம் அளவில் இருந்தது, நாலு மாச மருந்தில் சுண்டைக்காயாக வற்றியிருந்தது. மஞ்சு எழுந்து நின்று கேட்டாள்.

"அண்ணே, கேன்சருக்கு மருந்து வந்துடுச்சாண்ணே?"

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. தோளில் பொன்னாடை. என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

"வந்துக்கிட்டே இருக்கும்மா" என்றார்.

மேடையை விட்டு இறங்கும்போது அழகர்சாமி காதோடு, "அண்ணே, உங்க போட்டோவ ஒரு நல்ல காரியத்துக்குப் போட்டுக்கட்டுமா?" என்றார். என்ன காரியம் என்று ஏகாம்பரம் கேட்கவில்லை. பொன்னாடை நழுவாமல் இருக்க ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "போட்டுக்கய்யா, இதுக்கெல்லாம் கேக்கணுமா" என்றார்.

பிப்ரவரி நடுவில், காலையில் தண்ணீர் டேங்கருக்காகக் குடத்தோடு நிற்கும்போது, அபிராமியைப் பார்த்தார். குல்லாய் இல்லை. தலையில் பூனைமுடி போலக் கொஞ்சம் முளைத்திருந்தது. கன்னம் உப்பி, நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளை மாதிரி இருந்தாள். "மாமா!" என்று ஓடி வந்து திரும்பியபோது காதுக்குக் கீழே தெரிந்தது. சுண்டைக்காய் இல்லை. நெல்லிக்காயைத் தாண்டியிருந்தது. தோல் இழுபட்டுப் பளபளத்தது.

"மஞ்சு, என்னாம்மா இது? ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"இனிமே எதுக்குண்ணே ஆஸ்பத்திரி?" என்றாள் மஞ்சு, முகமெல்லாம் மலர. "மூணு வாரமா போகல. உங்க மருந்துதான் குடுக்கறோம். காலையில மூணு சொட்டு, சாயங்காலம் மூணு சொட்டு. அங்க போனா பிள்ள வாந்தி எடுத்தே செத்துடுவாண்ணே, நீங்க பாத்ததில்ல. இப்பப் பாருங்க, அச்சா சாப்புடுறா, நல்லாத் தூங்குறா."

"எ... என் மருந்தா?"

அவள் உள்ளே போய் எடுத்து வந்தாள். மருந்துக்கடைச் சொட்டு மருந்து பாட்டில் மாதிரி ஒன்று. மேலே ஒட்டின லேபிளில் பச்சையாக ஒரு கஞ்சா இலை. இலைக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஏகாம்பரம், பாட்டிலை முறைத்துப் பார்த்துக்கொண்டு. "டெல்லி விஞ்ஞானி டாக்டர் ஏகாம்பரம் அவர்களின் கண்டுபிடிப்பு. குழந்தைப் புற்றுநோய்க்கு நிரந்தரத் தீர்வு." மூடியைத் திறந்து மோந்தார். சிக்குப் பிடித்த நல்லெண்ணெய் வாசனை, அதற்கடியில் காய்ந்த இலையின் மட்டமான காரநெடி. குடத்தை அப்படியே போட்டுவிட்டு நாலா ஓரமாகப் போய்க் காலையில் குடித்த டீயைக் கக்கினார். நாலாவின் நாற்றம் அன்றைக்கு அவருக்குப் படவே இல்லை.

அழகர்சாமி வீட்டு வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"யோவ், என்னாய்யா இது? என் மூஞ்சியப் போட்டு என்னாத்த விக்கிற?"

"வாங்கண்ணே, உக்காருங்க. நீங்கதானே போட்டுக்கச் சொன்னீங்க?"

"நான் இதுக்கா சொன்னேன்? நான் பாட்டில் கழுவுறவன்யா! அது ஒனக்குத் தெரியாது?"

"தெரியுமேண்ணே" என்றார் அழகர்சாமி, பேப்பரை மடித்தபடி. "எனக்கு எப்பவோ தெரியும். ஆனா மேடையில நீங்க ஒண்ணும் சொல்லலியே. வந்துக்கிட்டே இருக்குன்னுதானே சொன்னீங்க? நான் கொண்டுவந்துட்டேன். மூலிகைதானேண்ணே, சைடு எபெக்ட் கெடையாது. பிள்ள நல்லாச் சாப்புடுதுன்னு அந்தப் பொண்ணே சொல்லுதுல்ல? உங்களுக்கும் பேரு, எனக்கும் யாவாரம். நல்லது நடக்கட்டுமே."

அந்த வழுவழுப்பான முகத்தில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது ஏகாம்பரத்துக்கு. துப்பவில்லை. துப்பினால் பாதி தன் முகத்திலேயே விழும் என்று தோன்றிவிட்டது. "தூ, மனுசனாய்யா நீ" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அது யாருக்குச் சொன்னது என்று அவருக்கே தெளிவாக இல்லை.

நேரே லேப்புக்குப் போய் சியாமளா மேடத்தின் மேஜையில் அந்த பாட்டிலை வைத்தார். நடந்ததைச் சொன்னார். மேடம் ஒரு வார்த்தை சொல்வார், வந்து அந்தப் பெண்ணிடம் பேசுவார், பெரிய டாக்டர் சொன்னால் கேட்பாள் என்று நம்பித்தான் போனார். மேடம் லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மை காட்! நம்ம லேப் பேரு எங்கேயாவது போட்டிருக்கானா?"

"இல்லீங்க மேடம். அந்தப் பிள்ளைக்கு மூணு வாரமா கீமோ..."

"தேங்க் காட். இங்க பாருங்க, நான் பேட்டில 'மருந்தா இருக்கலாம்'னுதான் சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். ரெக்கார்டிங் இருக்கு. அடுத்த மாசம் ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்கற கமிட்டி வருது, நம்ம பேரு இதுல அடிபடவே கூடாது. நீங்க இதை எடுத்துண்டு போயிடுங்க. இது என் ரூமுக்கு வரவே இல்லை, சமஜே, புரிஞ்சுதா?"

பிள்ளையின் பெயர் என்ன என்றுகூட அவர் கேட்கவில்லை. குழந்தைப் புற்றுநோயில் பதினெட்டு வருஷம். ஏகாம்பரம் பாட்டிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அந்த அறையின் வாசனைத் திரவியம்கூட அவருக்கு அன்றைக்கு நாறியது.

மறுநாள் மஞ்சு வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னார். ஒளிக்காமல் சொன்னார். நான் டாக்டர் இல்லை, அட்டெண்டர், அந்தப் படம் சும்மா எடுத்தது, அந்த எண்ணெய் என்னுடையது இல்லை, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. மஞ்சு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"யாருண்ணே மிரட்டுனாங்க?"

"யாரும் மிரட்டலம்மா!"

"எனக்குத் தெரியும்ணே. அழகர்சாமி அண்ணன் மொதல்லயே சொன்னாரு. பெரிய பெரிய மருந்துக் கம்பெனிக்காரன் உங்கள அமுக்கப் பாப்பான், டாக்டரே வந்து இல்லேம்பாரு, நம்பாதேன்னு. நீங்க பயப்படாதீங்கண்ணே. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

ஏகாம்பரம் தலையில் அடித்துக்கொண்டார். எவ்வளவு அடித்துச் சொல்கிறாரோ அவ்வளவு அவள் கண்ணில் அவர் பெரிய ஆளாகிக்கொண்டே போனார். கோவிந்தம்மாளை அழைத்துவந்து சொல்லச் சொன்னார். "இந்த ஆளா டாக்டர்? இவருக்குத் தெர்மாமீட்டர் பாக்கத் தெரியாதுடி!" என்று அவளும் கத்திப் பார்த்தாள். மஞ்சு சிரித்தாள். புருஷனைப் பெண்டாட்டி மட்டம் தட்டாத வீடு எது என்று நினைத்தாளோ என்னவோ. அபிராமி கட்டிலில் உட்கார்ந்து, கட்டி இருக்கும் பக்கம் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி அவரைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் விழுந்தவருக்குக் கோவிந்தம்மாள் டீ கொண்டுவந்து வைத்தாள். பிறகு சொன்னாள். "வாயால சொன்னா நம்ப மாட்டா. நீ பண்ற வேலையக் கண்ணால பாக்கட்டும். கூட்டிக்கிட்டுப் போ."

வெளியாட்களை உள்ளே விடக் கூடாது. விட்டால் மெமோ வரும். இருபத்தாறு வருஷத்தில் அவர் ஒரு மெமோ வாங்கினதில்லை. அடுத்த நாள் சாயங்காலம், "மருந்து செய்யிற எடத்த வந்து பாக்கிறியா?" என்று சொல்லி மஞ்சுவைப் பின்வாசல் வழியாகக் கழுவுகிற அறைக்கு அழைத்துப் போனார். அவள் கோயிலுக்குள் நுழைகிற மாதிரி செருப்பை வெளியே கழற்றினாள்.

தொட்டியில் காலையிலிருந்து சேர்ந்த பாட்டில்கள் கிடந்தன. ஏகாம்பரம் சட்டைக் கையை மடித்துவிட்டு, ரப்பர் கையுறையை மாட்டினார். ரோஸ் நிற பாட்டில் ஒன்றை எடுத்து அவள் கண்ணுக்கு நேரே நீட்டினார்.

"இதுக்குள்ள இருக்கிறது அபிராமிக்கு வந்திருக்கிற அதே மாதிரி கேன்சர். உசுரோட இருக்கு. இப்பப் பாரு."

பிளீச்சிங்கை ஊற்றினார். மஞ்சு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் வெளுத்தது.

"செத்துப்போச்சு. பாட்டில்ல இருக்கிற கேன்சரக் கொல்றதுக்கு மேடமோட மருந்துதான் வேணும்னு இல்ல மஞ்சு. தெனம் சாயங்காலம் இதால நான் கொல்றேன். கக்கூஸ் கழுவுற தண்ணி இது. பாட்டில்ல செத்துச்சேன்னு இதப் பிள்ளைக்கு மூணு சொட்டு குடுப்பியா? சொல்லு, குடுப்பியா?"

மஞ்சு பாட்டிலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்னும் அவள் கண்ணில் அந்தப் பாழாய்ப்போன மரியாதை மிச்சம் இருந்தது. அப்போதுதான் கதவு திறந்தது. சியாமளா மேடம். மேடம் மஞ்சுவைப் பார்த்தார், அவள் வெறுங்காலைப் பார்த்தார்.

"யார் இது? ஏகாம்பரம், ஆர் யூ மேட்? கல்ச்சர் எல்லாம் இருக்கிற இடத்துல கண்டவாளையும் கூட்டிண்டு வரீங்க? ஒரு போட்டோ வந்ததும் சயன்டிஸ்ட்னே நினைச்சுண்டுட்டீங்களா? நீங்க பாட்டில் கழுவறவர். அதை மட்டும் பண்ணுங்கோ. நாளைக்கு மெமோ வரும். அந்த பாட்டிலெல்லாம் ஜல்தி கழுவி வையுங்கோ, பாத்ரூம்ல பினாயிலும் இல்ல!"

"சரிங்க மேடம்" என்றார் ஏகாம்பரம், கையுறை போட்ட கையைக் கட்டிக்கொண்டு. இப்படி ஒரு வசவை வாழ்நாளில் அவர் இவ்வளவு சந்தோஷமாக வாங்கியதில்லை. இன்னும் நாலு வார்த்தை திட்ட மாட்டாரா என்றிருந்தது. கதவு அடித்துச் சாத்தப்பட்டது. திரும்பிப் பார்த்தால் மஞ்சுவின் முகத்தில் ரத்தமே இல்லை. நாலு வீட்டில் வேலை செய்கிறவளுக்கு அந்தக் குரல் தெரியும். எஜமானியம்மா வேலைக்காரியிடம் பேசுகிற குரல் அது. டாக்டரிடம் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள்.

"நீங்க... நெசமாவே..."

"நெசமாவேதான்."

"அப்ப அன்னிக்கு மேடையில ஏண்ணே சொன்னீங்க?" என்று கத்தினாள். "நான் எல்லார் முன்னாடியும் கேட்டேனே! வந்துக்கிட்டே இருக்குன்னு ஏன் சொன்னீங்க? பொன்னாடை போத்துனா வாயில என்ன வேணா வருமா? ச்சீ! நீங்கெல்லாம்..."

அந்த "ச்சீ" அவர் மேல் வந்து விழுந்தது. ஊரில் எதையெல்லாமோ பார்த்து அவர் சொல்லியிருக்கிறார், அவரைப் பார்த்து ஒருவர் சொல்வது அதுதான் முதல் தடவை. "நாளைக்கு வியாழக்கிழமை, ஆஸ்பத்திரியில கீமோ ஏத்துற நாளு. பிள்ளையக் கூட்டிக்கிட்டு கெளம்பி இரு, ஆட்டோ கொண்டாறேன்" என்று மட்டும் சொன்னார்.

அன்று வீடு வீடாகவும் போனார். கேம்ப்பில் இன்னும் இரண்டு வீட்டில் அந்த எண்ணெய் இருந்தது, ஒன்று முட்டிவலிக்கு, ஒன்று சர்க்கரைக்கு. இரண்டையும் வாங்கி அவர்கள் கண் முன்னாலேயே நாலாவில் கொட்டினார். தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸ்அப்பில், கழுவுகிற அறையில் கையுறையோடு நிற்கிற படத்தைப் போட்டு, "நான் டாக்டர் இல்லை. பாட்டில் கழுவுகிற அட்டெண்டர். என் படம் போட்ட எண்ணெய் மருந்தில்லை. மேடையில் நான் சொன்னது பொய்" என்று எழுதினார். அழகர்சாமி அவரை குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார். அதற்குள் பாதிப் பேர் படித்துவிட்டார்கள். "டாக்டர் வர்றாரு" என்று தெருவில் மறுபடியும் கிண்டல் ஆரம்பித்தது, இந்தத் தடவை வேறு மாதிரி.

வியாழக்கிழமை விடியலில் மூடுபனியும் குளிரும். மஞ்சு ஆட்டோவில் ஏறியதிலிருந்து அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அபிராமிக்கு நடுங்கியது. ஏகாம்பரம் வீட்டிலிருந்து அவசரத்துக்குக் கையில் கிடைத்ததை எடுத்து வந்திருந்தார், அது அந்தப் பச்சைப் பொன்னாடை. பிள்ளையைச் சுற்றிப் போர்த்திவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பெண் கட்டியைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. மூன்று வாரம் என்று கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார்கள். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "மறுபடி ஸ்கேன் எடுக்கணும். பழைய மருந்து முன்ன மாதிரி கேக்குமான்னு இப்ப சொல்ல முடியாது. இன்னிக்கே ஏத்திடுவோம். இனிமே ஒரு வாரம்கூட விடாதீங்க" என்று ஹிந்தியில் சொன்னாள். கேட்கலாம், கேட்காமலும் போகலாம். ஏகாம்பரத்தின் காதில் அது மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது.

மருந்து ஏறி முடிந்து, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சு மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றாள். அபிராமி அவர் தோளில் சாய்ந்திருந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள், கண் பிதுங்கியது. சுற்றிலும் பக்கெட் எதுவும் இல்லை. ஏகாம்பரம் யோசிக்கவே இல்லை. பொன்னாடையை இரண்டு கையிலும் ஏந்திப் பிடித்தார். பிள்ளை வாந்தி எடுத்தது. மஞ்சளாக, கசப்பாக, குடல் வெளியே வருகிற மாதிரி மறுபடி மறுபடி எடுத்தது. ஜரிகைக் கரை நனைந்து அவர் விரல் வழியாகச் சட்டையில் ஒழுகியது. ஒரு கையால் ஏந்திக்கொண்டு மறு கையால் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்தார். அடுத்தவன் கடித்த வடையைப் பார்த்தாலே குமட்டுகிற மனிதர். அவருக்குக் குமட்டவில்லை.

அடங்கியதும் அபிராமி வாயைத் துடைத்துக்கொண்டு, பயந்த கண்ணோடு அந்தச் சால்வையைப் பார்த்தாள்.

"மாமா, உங்களுக்கு மேடையில குடுத்ததுதானே? நாசமாயிடுச்சே. நாறுது."

"அது அன்னிக்கே நாறிப்போச்சும்மா" என்றார் ஏகாம்பரம்.

துணியைச் சிந்தாமல் நாலு முனையும் சேர்த்து முடிந்தார். வராந்தா கடைசியில் ஒரு குழாய் இருந்தது. உட்கார்ந்து, லேப்பில் பாட்டில் கழுவுகிற அதே பொறுமையோடு மூன்று தடவை அலசிப் பிழிந்தார். திரும்பி வரும்போது மஞ்சு வரிசையிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் இன்னும் அவரோடு பேசவில்லை.

"அடுத்த வியாழக்கிழமைக்கும் இதையே கொண்டாறேன்" என்றார் அவர்.